கரையேறியவை

கூண்டு காலியாக வந்தது.

கயிற்றை இழுக்கும்போதே கைக்குத் தெரிந்துவிட்டது. நண்டு விழுந்த கூண்டு சேற்றைவிட்டு எழும்போது அதில் ஒரு கனம் இருக்கும். உள்ளே இடம் மாறி இடம் மாறி முட்டிக்கொள்ளும் அந்த உயிருள்ள கனம் கயிறு வழியாக உள்ளங்கைக்கு வந்து சேரும். இன்று வந்தது வெறும் தண்ணீரின் கனம். கரையில் தூக்கி வைத்ததும் அதுவும் கம்பிவலையின் கண்கள் வழியே ஒழுகிப் போனது. உள்ளே அவர் நேற்றுக் கட்டிய மீன்தலை கட்டியபடியே தொங்கியது. ஒரு கடிகூட இல்லை.

“அதுவும் காலியா சார்?”

பக்கத்துக் கூண்டின் கயிறு கட்டிய முளையருகிலிருந்து டீச்சர் கூவினார். மஞ்சள் மழைக்கோட்டும், முழங்காலைத் தாண்டிய ரப்பர் பூட்ஸும், கழுத்தில் தொங்கும் டார்ச்சுமாக இருந்தார். அறிவியல் டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். நண்டுகளைப் பிடித்து அளவெடுக்கும்போதுகூட, கடைசி பெஞ்சுப் பையன்களை அதட்டுவதுபோல “ஆடாம இருடா” என்பார்.

“காலிதான் டீச்சர்.”

“எனக்கும் காலி. தபால்காரருக்கும் மேல் பக்கம் ஒண்ணுமே விழலையாம், போன் பண்ணினாரு. சார், சொல்லவே பயமா இருக்கு. நாம ஜெயிச்சிட்டோம்னு நினைக்கிறேன்!”

ஆறு கடலைச் சேரும் அந்தக் கழிமுகத்தில் இந்த நண்டுகள் பிறந்தவை அல்ல. கப்பல்கள் ஆடாமலிருக்க அடியில் நிரப்பும் தண்ணீரோடு எங்கிருந்தோ வந்து இறங்கியவை. முன்னங்கொடுக்கு இரண்டிலும் பழுப்பு நிறத்தில் பொசுபொசுவென்று மயிர் முளைத்து, கம்பளிக் கையுறை மாட்டியதுபோல இருக்கும். அதனால் ஊரில் எல்லோரும் கையுறை நண்டு என்றே சொன்னார்கள். இங்கே அவற்றைத் தின்ன ஆள் இல்லை. அவை தின்னாதது எதுவும் இல்லை. கரையைக் குடைந்து குடைந்து வளை தோண்டி, மேலே புல் பச்சையாக இருக்க, கீழே மண்ணைச் சல்லடையாக்கிவிடும். அதனால்தான் இந்தத் தன்னார்வலர் குழு. ஆளுக்கொரு துண்டுக் கரை, ஆளுக்குச் சில கூண்டுகள். தண்ணீர் வற்றும் நேரத்தில் போய்த் தூக்கிப் பார்க்க வேண்டும். விழுந்ததைத் திரும்ப ஆற்றில் விடக் கூடாது. பையில் கட்டி வீட்டு ஃப்ரீசரில் வைத்தால், வாரக் கடைசியில் ஆய்வுக்கூடத்து வேன் வந்து எடுத்துக்கொள்ளும்.

டீச்சர் ‘சார்’ என்று கூப்பிட்ட அவர் லிஃப்ட் மெக்கானிக். உடைந்த படகுத்துறையிலிருந்து மதகு வரைக்கும் அவருடைய கரை. அவராகக் கேட்டு வாங்கிக்கொண்டது. ஏன் அந்தத் துண்டைக் கேட்டார் என்று குழுவில் யாரும் கேட்கவில்லை. எல்லோருக்கும் தெரியும்.

போன குளிர்காலம் தொடங்குவதற்கு முன், அவருடைய மகன் அந்தக் கரையில்தான் தூண்டில் போட்டு உட்கார்ந்திருந்தான். ஆறடிக்கு வளர்ந்து, அப்பாவின் சட்டை பத்தாமல் போன பிறகும் வீட்டில் அவனுக்குக் குட்டி என்றுதான் பெயர். குடைந்து குடைந்து பொக்கையாகிப் போயிருந்த கரை, புல்லோடும் அவனோடும் மொத்தமாகத் தண்ணீருக்குள் இறங்கியது. தூண்டில் கிடைத்தது. தொப்பி மதகில் சிக்கிக் கிடைத்தது. அவன் கிடைக்கவில்லை. முக்குளிப்பவர்கள் இறங்கித் தேடினார்கள், பிறகு நிறுத்திக்கொண்டார்கள். ஆறுதல் சொல்ல வந்தவர்களும் வந்து வந்து நின்றுபோனார்கள்.

அந்த மாதமே அவர் குழுவில் சேர்ந்தார். நண்டுகள் மேல் இருக்கும் ஆத்திரம் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள். ஆத்திரமும் இருந்தது. ஆனால் ஒவ்வொரு கூண்டையும் தூக்கியதும் அவர் கண் முதலில் தேடுவது நண்டை அல்ல. ஒரு சட்டைப் பொத்தான். ஒரு ஷூ நாடா. வாட்ச் வார். ஏதாவது. இதை அவர் யாரிடமும் சொன்னதில்லை. மனைவியிடம் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

அவள் ஒரே ஒருமுறை கேட்டாள், சாப்பிடும்போது.

“இந்த நண்டெல்லாம் என்னங்க சாப்பிடும்?”

“கிடைச்சதை எல்லாம் சாப்பிடும்,” என்று, கையிலிருந்த கவளத்தைப் பார்த்தபடியே சொல்லிவிட்டார். சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்று புரிந்தது. அவள் தட்டை நகர்த்திவைத்துவிட்டு எழுந்து போனாள். குழாய் வெகுநேரம் ஓடிக்கொண்டிருந்தது.

“என்ன சார், சிரிக்கவே மாட்டேங்கிறீங்க?” டீச்சர் பக்கத்தில் வந்து நின்றார்.

“இவ்வளவு நண்டும் எங்க போச்சு டீச்சர்?”

“செத்திருக்கும். இல்லைன்னா கடலுக்கு இறங்கியிருக்கும். முட்டை விடப் போகுமில்ல?”

மெக்கானிக் தன் டார்ச்சைச் சேற்றின் மேல் அடித்தார். பொழுது மங்கிக்கொண்டிருந்தது, அக்கரை விளக்குகள் தண்ணீரில் நீளநீளமாக இறங்கியிருந்தன. ஈரச் சேறு முழுக்கத் தையல் மெஷின் ஓடியதுபோலப் புள்ளிப் புள்ளியாகத் தடங்கள். நண்டுத் தடம் அவருக்குப் புதிதல்ல. குறுக்கும் நெடுக்குமாக, குடிகாரன் நடந்ததுபோல இருக்கும். இவை அப்படி இல்லை. அத்தனை தையலும் தண்ணீரில் தொடங்கி, கடலுக்கு முதுகு காட்டி, நேராகக் கரை ஏறியிருந்தன. இறங்கிவந்த தடம் ஒன்றுகூட இல்லை.

படிக்கட்டுவரை அவற்றைத் தொடர்ந்து போனார். தார் ரோட்டில் தடம் இல்லை. ரோட்டோரச் சாக்கடையின் இரும்புக் கம்பிகளில் மட்டும் கொஞ்சம் பழுப்பு மயிர் ஒட்டிக்கொண்டிருந்தது.

வீட்டுக்கு நடந்தார். அந்தச் சாக்கடை அவர் கூடவே வந்தது. முன்பு ஓடையாக இருந்து, பிறகு குழாய்க்குள் போட்டு மூடி, மேலே தெரு போட்டுவிட்டார்கள். அவர் வீட்டுக் குளியலறைத் தண்ணீரும் அதில்தான் போய்ச் சேரும்.

கதவைத் திறந்ததும் வாடை அடித்தது. ஆற்றுச் சேற்றின் வாடை. பூட்ஸிலிருந்து வருகிறது என்று நினைத்து அவற்றை வெளியே கழற்றி வைத்தார். உள்ளே போகப் போக வாடை குறையவில்லை, கூடியது. வற்றிய ஆற்றின் நடுவில் வரும் கனத்த உப்பு வாடை, அதன் அடியில் இன்னொன்று, குளிர்ந்த இரும்பை நாக்கில் வைத்ததுபோல.

சமையலறையில் மனைவி பாட்டு முணுமுணுத்துக்கொண்டிருந்தாள்.

ஒரு வருஷமாக அந்த வீட்டில் பாட்டுச் சத்தம் கேட்டதில்லை. அவர் வாசலிலேயே நின்றுவிட்டார். மருந்துக்கடை வேலையிலிருந்து வந்து உடைகூட மாற்றாமல், தலையை வாரிக் கட்டி, சட்டைக் கையை மணிக்கட்டு வரை இழுத்துவிட்டு அவள் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். சந்தோஷப்பட வேண்டும் என்று அவருக்குத் தோன்றியது. பட முடியவில்லை.

“வந்துட்டீங்களா? உக்காருங்க, சாப்பிடலாம்.”

“என்னமோ வாடை வருதே.”

“உங்க பூட்ஸா இருக்கும்.”

ஃப்ரிட்ஜைத் திறந்தார். தண்ணீர் பாட்டில், பால், கொஞ்சம் காய். “நேத்து இறைச்சி வாங்கிட்டு வந்தியே?”

“தீர்ந்துடுச்சுங்க.”

“நாம சாப்பிடவே இல்லையே.”

அவள் அடுத்த பாத்திரத்தை எடுத்தாள். முணுமுணுப்பும் நிற்கவில்லை. குப்பைக்கூடையில் கறிக்கடைப் பைகள் இருந்தன. நேற்று வாங்கியது மட்டும் அல்ல. ஒன்றுக்குள் ஒன்றாக மடித்துச் சொருகிய பைகள், நிறைய.

அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது.

முப்பது வருஷமாகச் சத்தத்தை வைத்தே பிழைத்தவர். லிஃப்ட் ஓடும் குழிக்குள் தலையை நீட்டினால், எந்த மாடியில் எந்தச் சக்கரம் தேய்ந்திருக்கிறது என்று காதாலேயே சொல்லிவிடுவார். வீட்டுச் சத்தங்கள் அத்தனையும் அவருக்கு மனப்பாடம். இது அவற்றில் இல்லை. சுவருக்குப் பின்னாலோ தரைக்கு அடியிலோ, அரிசியைத் தகரத்தில் மெல்ல மெல்லக் கொட்டுவதுபோல ஒரு சரசரப்பு. அவர் காது கொடுத்ததும் நின்றது. மூச்சு விட்டதும் தொடங்கியது.

“உனக்கு ஏதாவது கேக்குதா?”

“இல்லையே,” என்றாள். அவள் தலையும் அதே சுவர்ப் பக்கம் லேசாகச் சாய்ந்துதான் இருந்தது.

அவர் பின்பக்கக் குளியலறைக்குப் போனார். துணி துவைக்கும் மெஷினும் ஃப்ரீசரும் அங்கேதான். விளக்கைப் போட்டார். தரையில் தண்ணீர் போகும் துளையின் மூடி பெயர்ந்து பக்கத்தில் கிடந்தது. துளையின் விளிம்பிலிருந்து கிளம்பி, வெள்ளை டைல்ஸ் மேல், அவர் காலுக்கு அடியில், இருட்டில் கவனிக்காமல் அவர் வந்த வழியிலேயே நடைக்குள் போயிருந்தது ஒரு தடம். தையல் மேல் தையலாக, டைல்ஸே தெரியாத அளவுக்குச் சேறு. அதன்மேல் யாரோ துடைத்து, மறுபடி சேறாகி, மறுபடி துடைத்த அடையாளம்.

ஃப்ரீசரைத் திறந்தார்.

பைகள் இருந்தன. எல்லாம் தட்டையாக. ஒவ்வொன்றின் வாயும் கத்தரிக்கோலால் நேராக வெட்டப்பட்டு, இஸ்திரி போட்ட துணிபோல அடுக்கப்பட்டிருந்தன. உள்ளே ஒன்றும் இல்லை.

“குளிர் தாங்க மாட்டான்ங்க அவன்.”

மனைவி வாசலில் நின்றாள். குரலில் கோபம் இல்லை. நினைவூட்டுவதுபோலத்தான் சொன்னாள். “சின்னதுல இருந்தே அப்படித்தானே? உங்களுக்குத் தெரியாததா? நீங்க பாட்டுக்கு ஐஸ்ல போட்டு மூடிட்டீங்க.”

காலிப் பை ஒன்றை எடுத்து அவளிடம் நீட்டினார். “அது நண்டும்மா.”

“தெரியும்.”

“தெரிஞ்சுமா?”

அவள் அவரைப் பார்த்த பார்வையில் இருந்தது இரக்கம். பைத்தியம் பிடித்தவளுக்கு அப்படிப் பார்க்கத் தெரியாது.

“நீங்க தினமும் அந்தச் சேத்துல என்னத்தைத் தேடுறீங்க?” என்றாள்.

அவர் ஃப்ரீசரின் மூடியை இறக்கினார்.

“நான் தேடல. கூப்பிட்டேன். அவ்வளவுதான். முதல்ல ஃப்ரீசர்ல இருந்தவங்க வந்தாங்க. அப்புறம் மத்தவங்க. ஒவ்வொருத்தர்கிட்டயும் அவன் கொஞ்சம் கொஞ்சம் இருக்கான்ங்க.” கையைத் துணியில் துடைத்துக்கொண்டாள். “சாப்பாடு மூடி வெச்சிருக்கேன். பசிச்சா போட்டுக்கோங்க. எனக்கு நேரமாச்சு.”

நடையில் போய், மகனின் அறைக் கதவைத் திறந்து உள்ளே போய், மெதுவாகச் சாத்திக்கொண்டாள். ஒரு வருஷமாகப் பூட்டிக் கிடந்த கதவு. கீலுக்கு எண்ணெய் போட்டிருக்கிறாள். சத்தமே வரவில்லை.

சட்டைப்பையில் போன் அதிர்ந்ததும் அவருக்குத் தூக்கிவாரிப் போட்டது.

“சார், வீட்டுக்குப் போயிட்டீங்களா?” டீச்சரின் குரலில் கொண்டாட்டம் எல்லாம் வடிந்திருந்தது. “தபால்காரர் இப்பதான் பார்த்திருக்காரு. அதுங்க சாகல சார். சாக்கடைக் குழாய் வழியா மேல ஏறி வருது. கம்பி வழியா டார்ச் அடிச்சுப் பார்த்தா, குழாய் நிறைய அடைஞ்சு, ஒண்ணு மேல ஒண்ணு ஏறி… நான் இப்படிக் கேள்விப்பட்டதே இல்லை. எல்லாம் உங்க தெருப் பக்கம்தான் வருது. யாராவது இரை கிரை போடுறாங்களா அங்க?”

அவர் மூடி பெயர்ந்த துளையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“சார்? கேக்குதா? வீட்டுல தண்ணி போற துளை எல்லாத்தையும் அடைச்சு மேல கனமா ஏதாவது வைங்க. நாங்க ஆளோட வர்றோம். சார்?”

துளைக்குள்ளிருந்து ஒரு கொடுக்கு வெளியே வந்தது. பழுப்பு மயிர் நனைந்து ஒட்டிக்கிடந்தது. விளிம்பைப் பற்றியது. உடல் ஏறியது. பின்னால் இன்னொன்று. அவர் ஒருவர் அங்கே நிற்பதையே கண்டுகொள்ளாமல், கால்விரலை உரசிக்கொண்டு நடைக்குள் போயின. வேலை முடிந்து வீடு திரும்புகிறவர்கள்போல, அவசரம் இல்லாமல்.

போனை அணைத்தார்.

நடையில் விளக்கு இல்லை. சுவரைத் தடவிக்கொண்டு போனார். சுவர் ஈரமாக இருந்தது. உள்ளங்காலில் குளிர்ந்த சேறு. முன்னால் போன சரசரப்பு மகனின் கதவடியில் நுழைந்து நின்றது. கதவுக்கு அப்பால் மனைவியின் குரல் கேட்டது. வார்த்தை புரியவில்லை, ராகம் மட்டும். குட்டிக்குக் காய்ச்சல் வந்த நாட்களில் மட்டும் அவளிடமிருந்து வரும் குரல்.

அதற்கும் அடியில் இன்னொரு சத்தம். நண்டு தண்ணீரைவிட்டு வெளியே வந்தால் வாயில் நுரை கட்டும், நுரை உடையும். ஒரு நண்டின் நுரைச் சத்தம் யாருக்கும் கேட்காது. இது கேட்டது. உள்ளே இழுத்து. வெளியே விட்டு. ஒரே சீராக.

அவர் கதவைத் தள்ளினார்.

மேஜை விளக்கு எரிந்தது. அலமாரியில் அவன் புத்தகங்கள். ஆணியில் அவன் சட்டை. கட்டிலில் அவன் நீலப் போர்வை.

போர்வைக்குள் யாரோ படுத்திருந்தார்கள்.

இடப்பக்கம் ஒருக்களித்து. முழங்கால் மடக்கி. கட்டில் பத்தாமல் பாதம் விளிம்புக்கு வெளியே நீட்டி. அந்த நீளம் அவருக்குத் தெரியும். அந்தத் தோள் தெரியும். அந்த மடக்கல் தெரியும்.

போர்வை எழுந்தது. தாழ்ந்தது. எழுந்தது.

“மெதுவா வாங்க,” என்றாள் மனைவி. “இப்பதான் கண் அசந்தான்.”

கட்டிலோரம் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். சட்டைக் கை சுருட்டியிருந்தது. இடக்கை போர்வையைத் தட்டிக்கொடுத்துக்கொண்டிருந்தது. வலக்கை முழங்கைவரை போர்வைக்குள். முகம் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது. அந்த வெளுப்புக்குள் அப்படி ஒரு நிம்மதி. கல்யாணமான புதிதில்கூட அவர் அவளை அப்படிப் பார்த்ததில்லை.

“பசியோட வந்திருக்கான்ங்க. இறைச்சியெல்லாம் எந்த மூலைக்கு?”

நீலப் போர்வையில், அவள் கை நுழைந்த இடத்தைச் சுற்றி, ஒரு கறுப்பு ஈரம் பரவிக்கொண்டிருந்தது.

அவர் பாய்ந்தார். தோளைப் பிடித்து இழுத்தார். அவள் வரவில்லை. அவளுக்கு வர மனம் இல்லை. உள்ளே எதுவோ விடவும் இல்லை.

“விடு! கையை எடு! எடும்மா!”

“உஸ்ஸ். பயந்துக்குவான்.”

போர்வையின் இந்தப் பக்கம் அசைந்தது.

ஒரு கை வெளியே வந்தது. பழுப்புக் கம்பளி போர்த்த கை. விரல் விரலாகப் பிரிந்திருந்தது. ஒவ்வொரு விரலிலும் எத்தனையோ சின்னக் கால்கள் ஒன்றையொன்று கோத்து, மூட்டு வைத்து, மடங்கி, நீண்டு. நகம் இல்லை. கண் தெரியாதவன் துழாவுவதுபோலக் காற்றில் துழாவியது. கட்டில் விளிம்பைத் தொட்டது. அவர் சட்டையைத் தொட்டது. கீழே இறங்கி அவர் கையைக் கண்டுபிடித்தது.

கையை முழுசாகப் பிடிக்கவில்லை. ஆட்காட்டி விரலை மட்டும் பிடித்துக்கொண்டது.

குட்டி ரோடு கடக்கும்போது அப்படித்தான் பிடிப்பான். கையை நீட்டினாலும் கை வேண்டாம் என்பான். ஒரு விரல் போதும்.

அவர் இழுக்கவில்லை. லிஃப்ட்டின் இரும்புக் கயிற்றில் தொங்கும் எடைக்கற்களை ஒற்றை ஆளாக நகர்த்தியவர். இழுத்திருந்தால் வந்திருக்கும். எங்கோ டீச்சரின் குழு கிளம்பியிருக்கும். கொஞ்ச நேரத்தில் கதவைத் தட்டுவார்கள். அதெல்லாம் ரொம்பத் தூரத்தில் இருந்தது. அவள் பக்கத்திலேயே கட்டிலோரத்தில் உட்கார்ந்தார். மனைவியின் தோளைப் பிடித்த பிடி தளர்ந்து, அங்கேயே ஆறுதலாகக் கிடந்தது.

“பாரு குட்டி,” என்றாள் அவள் போர்வையிடம். “அப்பா வந்துட்டாரு.”

விரல் நுனியில் ஊசி குத்தியதுபோல வலி தொடங்கியது. பிறகு அடுத்த கணுவில்.

அவருக்கு அழுகை வந்தது. ஒரு வருஷமாக வராத அழுகை.

வாசலில் இன்னும் வந்துகொண்டிருந்தன. ஒன்று. பிறகு இரண்டு. பிறகு ஒன்று. கட்டில் காலில் ஏறி, விரிப்பில் ஏறி, போர்வைக்கு அடியில் நுழைந்து, மேல்பக்கமாகப் போயின. தலையணைக்கு.

அங்கே, முகம் இருக்க வேண்டிய இடத்தில், போர்வை இன்னும் பள்ளமாகவே கிடந்தது.

அந்தப் பள்ளம் மெல்ல மெல்ல மேடாகிக்கொண்டிருந்தது.